“ஆமாம்” மட்டும் சொல்லும் மாணவி: ‘சோஃபியின் உலகம்’ பற்றி நான்கு கருத்துகள்



நூல் திறனாய்வு எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் பாராட்டுரைதான் எழுதிக் கொடுக்கிறார்கள். “இந்நூல் மிகச் சிறப்பாக அமைந்துள்ளது, அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்” என்று முடித்துவிட்டால் வேலை முடிந்தது. குறை சொன்னால் புள்ளி போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நாம்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு நூலைக் குறை சொல்லி எழுதிய மாணவி ஒருத்திக்கு இருபதுக்கு ஒன்பது புள்ளி போட்டவள் நான். அந்த ஒன்பது புள்ளி சரியா என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

நூலைப் பற்றிச் சில வரிகள்

அந்த நூல் ‘சோஃபியின் உலகம்’. எழுதியவர் நார்வே நாட்டின் யொஸ்டைன் கார்டெர். அவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியர். பள்ளியில் தத்துவம் கற்பித்தவர். 1991-இல் நார்வே மொழியில் வெளிவந்த இந்நாவல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய்விட்டது. தமிழில் ஆர். சிவகுமார் மொழிபெயர்த்திருக்கிறார், காலச்சுவடு வெளியீடு.

கதை இதுதான். பதினைந்து வயதை நெருங்கும் சோஃபி அமுண்ட்சென் ஒருநாள் பள்ளி முடிந்து வீட்டுக்கு வருகிறாள். அஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம், அவள் யார் என்று கேட்கிறது. இன்னொன்று உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. பிறகு கட்டுக் கட்டாகப் பாடங்கள் வருகின்றன. அனுப்புபவர் ஆல்பர்ட்டோ நாக்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் என்று பின்னர் தெரிய வருகிறது. பண்டைய கிரேக்கத்தில் தொடங்கி சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், தேக்கார்ட், ஹியூம், கான்ட், மார்க்ஸ், டார்வின், ஃப்ராய்ட் என்று பாடம் நீள்கிறது. இடையிடையே ஹில்டெ என்ற முன்பின் தெரியாத பெண்ணுக்கு எழுதிய அஞ்சலட்டைகளும் சோஃபியின் கைக்கு வருகின்றன. அவற்றை எழுதுபவர் ஹில்டெயின் அப்பா; லெபனானில் ஐ.நா. படையில் இருக்கும் மேஜர்.

இனிமேல் சொல்லப்போவது கதையின் முக்கியத் திருப்பம். தானே படித்துக் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் நூலை முடித்துவிட்டு வரலாம். பாதி நூலில் நமக்குத் தெரியவரும் செய்தி: சோஃபியும் ஆல்பர்ட்டோவும் உண்மையான மனிதர்களே இல்லை. மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாக மேஜர் எழுதிய கதையின் பாத்திரங்கள் அவர்கள்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் இருக்கிறோம். இந்நூலை எல்லாரும் படித்து வருவது என்று முடிவு செய்தோம். கூடிப் பேசியபோது நான்கு விதமான கருத்துகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருத்து 1: “இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது”

இது என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் கருத்து. அவருடைய சான்றுகள் வலுவானவை. எல்லாப் பொருளும் பிரிக்க முடியாத நுண்துகள்களால் ஆனது என்ற டெமாக்ரிடஸின் கொள்கையை கார்டெர் லெகோ விளையாட்டுக் கட்டைகளை வைத்து விளக்குகிறார். பிளேட்டோவின் வடிவக் கொள்கைக்குப் பிஸ்கட் அச்சு. கான்டுக்குச் சிவப்புக் கண்ணாடி: அதைப் போட்டுக்கொண்டால் பார்ப்பதெல்லாம் சிவப்பாகத் தெரிவதுபோல, மனித மனத்தின் அமைப்பு வழியாகத்தான் நாம் உலகை அறிகிறோம். “பாடத் துணைப்பொருள் தயாரிக்கிற யாருக்கும் இந்த ஆளைப் பிடிக்கும்” என்றார் ஆசிரியை.

உண்மைதான். ஆனால் எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொன்றை மறைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். லெகோ கட்டைகளைச் சேர்த்து வைக்க ஒரு பிள்ளை வேண்டும். டெமாக்ரிடஸின் உலகில் அப்படிச் சேர்த்து வைப்பவர் யாரும் கிடையாது. துகள்கள் தாமாகவே இயங்கிச் சேர்கின்றன, பிரிகின்றன. அந்தக் கொள்கையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கார்டெர் இதைப் பாடத்தில் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் படித்தவர்கள் மனத்தில் நிற்பது லெகோதான். எங்கள் குழுவில் டெமாக்ரிடஸ் என்றதும் எல்லாரும் “லெகோ” என்றார்கள்; சேர்த்து வைக்க ஆள் இல்லை என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும்தான். எளிமை இந்நூலின் பெரிய பலம். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு.

கருத்து 2: “நம்ம தத்துவம் எங்கே?”

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார்: “ஏம்மா, இவ்வளவு பெரிய புத்தகத்துல நம்ம ஆளுங்க யாருமே இல்லையா?”

அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மறைஞானிகளைப் பற்றிய பகுதியில் விவேகானந்தரும் ராதாகிருஷ்ணனும் வருகிறார்கள். ஹியூமைப் பற்றிப் பேசும்போது புத்தர் வருகிறார். ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடுகிறார்கள். நியாயம், சாங்கியம், சமணம் எதற்கும் தனிப் பாடம் இல்லை. சீனாவுக்கும் இல்லை.

“இது மேற்கத்திய நூல்தானே, வேறு எதை எதிர்பார்ப்பது?” என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நான் ஐயா பக்கம்தான். ஒரு நூலை அது கொடுத்த வாக்கை வைத்து அளப்பதுதான் நியாயம். இந்நூல் தத்துவ வரலாற்றைப் பற்றிய நாவல் என்று தன் அட்டையிலேயே சொல்லிக்கொள்கிறது. மேற்கத்தியத் தத்துவ வரலாறு என்று சொல்லவில்லை. கொடுத்த வாக்கைவிட உள்ளே இருப்பது குறைவு. ஆகவே ஐயாவின் குறை வெறும் ஊர்ப்பாசம் என்று தள்ளக்கூடியதல்ல.

ஒரு பெண் ஒவ்வொரு தத்துவமாகக் கேட்டுக்கொண்டு போகும் அமைப்பு நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையில் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ இருக்கிறதே! வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கருத்துக்கு இது தேவைப்படும்.

கருத்து 3: “பாடத்தைத் தாண்டிட்டு கதையை மட்டும் படிச்சேன்”

படிவம் ஆறு மாணவன் ஒருவன் உண்மையைப் போட்டு உடைத்தான். “டீச்சர், எனக்கு அந்த அஞ்சலட்டை மர்மந்தான் பிடிச்சிருந்துச்சு. லெக்சர் வர்ற பக்கத்தையெல்லாம் புரட்டிட்டேன். ட்விஸ்ட் செம!”

குழுவில் பாதிப்பேர் சிரித்தார்கள். இன்னும் சிலர் தாங்களும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கதையையும் பாடத்தையும் ஒரே தட்டில் பரிமாறினால் பிடித்ததை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது இயல்புதான். அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “அந்தத் திருப்பம் எந்தத் தத்துவ ஞானியின் பாடத்தோடு வருகிறது?” அவனுக்குத் தெரியவில்லை.

அது பார்க்லியின் பாடம். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அயர்லாந்துப் பேராயர் அவர். நாம் காணும் பொருள்களுக்கு மனத்துக்கு வெளியே தனி இருப்பு கிடையாது, அனைத்தும் இறைவனின் மனத்தில் இருக்கின்றன என்பது அவர் கொள்கை. அந்தப் பாடத்தின்போதுதான் தங்கள் உலகமே ஒரு மேஜரின் மனத்துக்குள் இருக்கிறது என்ற உண்மை சோஃபிக்குத் தெரியவருகிறது. மேஜரின் வீட்டுப் பெயர்கூட பியர்கெலி. பார்க்லி என்ற பெயரின் எதிரொலி. பாடத்தைப் புரட்டிவிட்டவனுக்கு இது அதிர்ச்சியான திருப்பம், அவ்வளவுதான். பாடத்தைப் படித்தவனுக்கோ அது தத்துவத்தின் நடைமுறைச் சோதனை. “ஐயோ, அப்போ நான் பாதிதான் ரசிச்சிருக்கேன்” என்றான் பையன். அவன் தீர்ப்பு தவறு என்று சொல்லமாட்டேன். எந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கருத்து 4: “அந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் ஆமா ஆமாங்குது”

இப்போது என் மாணவிக்கு வருகிறேன். வாசிப்புக் குழு கூடுவதற்கு முன்பே அவள் திறனாய்வை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு பாடத்தில் சோஃபி பேசியதை மட்டும் தனியாகப் பிரித்து வரிசையாக எழுதியிருந்தாள். புரிகிறது, அப்படியா, மேலே சொல்லுங்கள் என்பது போன்ற பதில்கள்தான் அதில் பெரும்பாலும். “சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் நூல் என்கிறார்கள். ஆனால் நூலில் வரும் மாணவி சிந்திக்கவே இல்லை. ஆசிரியர் பேசுகிறார், அவள் தலையாட்டுகிறாள். ஆகவே இது தோல்வியடைந்த நூல்” என்று முடித்திருந்தாள்.

நான் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு: “நூலின் கருப்பொருளைப் புரிந்துகொள்ளவில்லை.” புள்ளி: 9.

உண்மையைச் சொன்னால், அவள் எழுதியது என்னைச் சுட்டது. ஆசிரியர் பேசுகிறார், மாணவி தலையாட்டுகிறாள் என்ற வரி ஆல்பர்ட்டோவை மட்டும் பற்றியதாக எனக்குப் படவில்லை. உலகமே கொண்டாடும் நூலை ஒரு படிவம் ஐந்து மாணவி இப்படிச் சொல்லலாமா என்ற எண்ணமும் இருந்தது. திறனாய்வை மதிப்பிட இந்த இரண்டுமே அளவுகோல் அல்ல.

குழுவில் எல்லாரும் பேசி முடித்த பிறகு, வீட்டுக்குப் போய் அவள் சொன்னதைச் சரிபார்க்கும் நோக்கத்தில் நூலை மறுபடி எடுத்தேன்.

அவளுக்கு எதிரான சான்றுகள் முதலில். சோஃபி எப்போதுமே தலையாட்டுவதில்லை. பெண்களைப் பற்றி அரிஸ்டாட்டில் கொண்டிருந்த கருத்தைப் படித்து அவளுக்கு எரிச்சல் வருகிறது. பொருள்களை வகைப்படுத்தும் அவர் முறையைப் படித்ததும் தன் அறையை ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறாள். கற்றதை வாழ்க்கையில் போட்டுப் பார்ப்பதும் சிந்தனைதானே? பள்ளியில் சமயப் பாடத் தேர்வில் மனப்பாடம் செய்யாமல் சொந்தமாக யோசித்து விடை எழுதுகிறாள். வீட்டுப்பாடம் செய்யாதவள் என்று தெரிந்தும் ஆசிரியர் உயர்ந்த மதிப்பெண் கொடுக்கிறார். (இந்த இடத்தைப் படித்தபோது என் சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவளுக்குச் சாதகமான சான்றுகளும் உண்டு. அவை எண்ணிக்கையில் அதிகம். பாடம் நடக்கும் பக்கங்களில் சோஃபியின் குரல் மெலிந்துதான் போகிறது. “பிளேட்டோவின் உரையாடல்களிலும் எதிரில் இருப்பவர் ஆமாம் போடுகிறாரே” என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ‘மெனோன்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் வடிவியல் படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவன் வாயாலேயே விடையை வரவழைக்கிறார். சிறுவன் தவறாகச் சொல்கிறான், திணறுகிறான், பிறகு கண்டுகொள்கிறான். ஆல்பர்ட்டோ பல இடங்களில் கேள்வியையும் கேட்டு விடையையும் தானே சொல்லிவிடுகிறார்.

இப்போது மணிமேகலையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவளும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் போகிறாள். ஆனால் கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்று பூதவாதி சொன்னதும் அவள் சிரிக்கிறாள். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தை யார் என்று எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். ஒரே ஒரு கேள்விதான். அதன்பிறகு அவள் வெறும் கேட்பவளாக நமக்குத் தெரிவதில்லை. பாடம் நடக்கும் பக்கங்களில் சோஃபிக்கு இப்படியோர் இடத்தை கார்டெர் இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம்.

நன்னூல் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல்; மண்ணும் கிளியும் இடை; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் கிளிக்குக் கிடைத்தது நடு இடம்தான். நம் பரிபாஷையில் சொன்னால், பாடவேளையில் சோஃபி கிளி என்பதே என் மாணவியின் குற்றச்சாட்டு.

நூலுக்குள்ளேயே ஒரு திறனாய்வாளர்

மறுவாசிப்பில்தான் ஹில்டெயை நான் சரியாகக் கவனித்தேன். பிறந்தநாள் காலையில் பரிசாக வந்த தாள்கட்டைத் திறந்து படிக்கும் வாசகி அவள். விரும்பிப் படிக்கிறாள், நிறையக் கற்றுக்கொள்கிறாள். அதே சமயம், சோஃபியையும் ஆல்பர்ட்டோவையும் அப்பா இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. கதையில் வரும் பெண்ணுக்காக, கதையை எழுதிய அப்பாவிடமே அவளுக்குக் கோபம் வருகிறது. ஊர் திரும்பும் வழியில் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் அப்பாவுக்குக் குறிப்புச் சீட்டுகள் கிடைக்கும்படி ஏற்பாடு செய்கிறாள். அவர் சோஃபிக்குச் செய்ததை அவரே கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

ஆக, சோஃபிக்குச் சுதந்திரம் இல்லை என்ற குறையை முதலில் சொன்னது என் மாணவி அல்ல. நூலின் முதல் வாசகி ஹில்டெயே அதைச் சொல்கிறாள். தனக்கு வந்த பரிசை நேசித்துக்கொண்டே அதைக் குறை சொல்லும் வாசகியை கார்டெர் தன் நூலுக்குள் உட்கார வைத்திருக்கிறார். கருப்பொருளைப் புரிந்துகொள்ளவில்லை என்று எந்த மாணவிக்கு எழுதினேனோ அவள் கருப்பொருளின் நடுவிலேயே கை வைத்திருக்கிறாள்.

இதனால் நூலின் குறை மறைந்துவிடுமா? என் பதில்: பாதி. சோஃபி பொம்மைபோல் இருப்பதற்குக் கதையில் காரணம் இருக்கிறது என்பது பிற்பாதியில் தெரிகிறது. ஆனால் அதுவரை வாசகர் அந்தப் பொம்மையோடுதான் பல நூறு பக்கங்கள் நடந்தாக வேண்டும். பின்னால் வரும் காரணம், முன்னால் வந்த சலிப்பை விளக்கும், போக்கிவிடாது. முதல் அத்தியாயத்துக் கடிதங்களில் இருக்கும் உயிர்ப்பு எல்லாப் பாடங்களிலும் இல்லை. அப்படியிருந்தும் இந்நூலை மாணவர் கையில் கொடுக்கலாம் என்றே சொல்வேன். நான்கு பேர் படித்து நான்கு விதமாகச் சண்டை போட்டுக்கொள்ள இடம் தருகிறதே, ஒரு தத்துவ நூலிடம் நான் கேட்பது அதைத்தான்.

அந்த ஒன்பது புள்ளி என்னவாயிற்று?

மறுவாரம் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். “நான் போட்ட குறிப்பு தப்பு. ஹில்டெகூட நீ சொன்னதைத்தான் சொல்றா” என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

“ஹில்டெ எப்போ டீச்சர் அப்படிச் சொன்னா?”

“பின்பாதியில.”

“நான் அது வரைக்கும் படிக்கலை டீச்சர். பாதியோட நிறுத்திட்டு எழுதிட்டேன்.”

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவள் உள்ளுணர்வு சரி, வாசிப்பு அரைகுறை. என் குறிப்பு தவறு. ஆனால் முழுப் புள்ளி கொடுக்கவும் வழியில்லை. முழுவதும் படித்துவிட்டு மறுபடி எழுதி வா என்று அனுப்பினேன்.

எழுதி வந்தாள். தன் கருத்தை மாற்றிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். மாற்றவில்லை! “ஹில்டெ கோபப்படுகிறாள். ஆனால் அவள் கோபம் சோஃபியின் பழைய பாடங்களில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆசிரியர் தன் குறையை ஒப்புக்கொண்டிருக்கிறார், திருத்தவில்லை” என்று எழுதியிருந்தாள். ‘தோல்வியடைந்த நூல்’ என்பது மட்டும் ‘பாதி வெற்றி பெற்ற நூல்’ என்று மாறியிருந்தது. இருபதுக்குப் பதினேழு போட்டேன். இந்தத் தடவை குறிப்பு எழுதவில்லை. கடைசி வரியின் கீழே ஒரு கோடு மட்டும் போட்டேன்.

தேர்வு எழுதும் மாணவர் கவனத்திற்கு

1. முழுவதும் படித்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள். நூலின் ஒரு பகுதியை மட்டும் வைத்துப் பேசினால் எந்தப் பகுதி என்று குறிப்பிடுங்கள்.
2. எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: எளிமையா, நூல் கொடுத்த வாக்கா, கதைப்பின்னலா, பாத்திரப் படைப்பா?
3. உங்கள் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையாவது நீங்களே எடுத்துச் சொல்லி, அதற்குப் பதிலும் எழுதுங்கள்.
4. புகழ்பெற்ற நூல் என்பதற்காகப் பாராட்டவும் வேண்டாம். வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாக்கவும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, மேலே உள்ள நான்கு கருத்துகளில் ஒன்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். முதல் சுற்றில் அந்தக் கருத்தை ஆதரித்து நூலிலிருந்து இரண்டு சான்று தேடட்டும். இரண்டாவது சுற்றில் அதே குழு அதே கருத்தை மறுக்க ஒரு சான்று தேடட்டும். முழு நூலுக்கு நேரமில்லையென்றால் முதல் அத்தியாயமும், பார்க்லி பற்றிய அத்தியாயமும், மணிமேகலையின் அந்தக் காதையும் போதும். முடிவில் நாம் பேசியது எத்தனை நிமிடம், மாணவர் பேசியது எத்தனை நிமிடம் என்று ஒரு மாணவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். கணக்கைக் கேட்ட பிறகு ஆல்பர்ட்டோவை அவ்வளவாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.